கண்ணுக்குள் நிற்பவள்

நிரோஜினிக்கு ஆறு வயதில் முழங்கால் வீங்கியபோது, எங்கேயாவது விழுந்திருப்பாள் என்றுதான் குருநகரில் எல்லாரும் சொன்னார்கள். ஆளுக்கொரு எண்ணெய் கொண்டுவந்து பூசினார்கள். வீக்கம் இறங்கவில்லை. மற்ற முழங்காலுக்கும் போய், கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டது. விடிய எழும்பினால் சுடுதண்ணீர் வாளிக்குள் அரை மணித்தியாலம் காலை வைத்திருந்தால்தான் பிள்ளை நடக்கும். பெரியாஸ்பத்திரி டொக்டர் அதற்கு மூட்டுவாதம் என்று பெயர் சொன்னார். அது வயதுபோன ஆட்களுக்கு வருகிற வருத்தமல்லவா என்று தகப்பன் கொலின்ஸ் மல்லுக்கட்டிப் பார்த்தான். டொக்டர் மல்லுக்கு நிற்கவில்லை. மருந்துத் துண்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னார். பிள்ளையை மூலையில் இருத்தி வைக்கக்கூடாது, உடம்பு அசைய வேண்டும் என்பது ஒன்று. இந்த வருத்தம் சத்தமில்லாமல் கண்ணுக்குள்ளும் போகும், நோகாது, சிவக்காது, பிள்ளைக்கே தெரியாது, ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கண் கிளினிக்குக்குக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்பது மற்றது. தாய் ஜெசிதா அந்தத் திகதிகளை வருடம் வருடமாகக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்தாள். ஐந்து வருடத்தில் ஒரு வட்டமும் தவறவில்லை. அதற்குப் பிறகு தவறப் பார்த்த ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை.

கொலின்ஸ் நல்ல தகப்பன். அதை முதலே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு சொல்ல மனம் வராது. நண்டு வலைக்குப் போகிறவன். விடியப்புறம் கடலில் வலையை இழுத்தெடுத்துக் கரைக்கு வந்ததும் ஈரச் சாரத்தோடே அடுப்பை மூட்டி, மகளுக்குச் சுடுதண்ணீர் வைப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து, கிழமைக்கொருநாள் போடுகிற அந்தக் குளிசைகளை அவள் விழுங்கும்போது பக்கத்தில், குமட்டிச் சத்தி வந்தால் ஏந்த ஏனம் பிடித்துக்கொண்டு இருப்பான். ஜெசிதா நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிற வேலைக்குப் போய் வர மாலை ஆறு மணியாகும். அதனால் பிள்ளையின் பின்னேரங்கள் முழுக்கத் தகப்பனுடையவை.

பதினொரு வயதில் அந்தப் பிள்ளைக்கு ஓட்டப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று கொட்டிலுக்குள் இருந்து மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவள், வீட்டுக்கு வந்து நானும் ஓடப்போகிறேன் என்றாள். ஜெசிதா கூடவே கூடாது என்று துள்ளிக் குதித்தாள். டொக்டர் சிரித்தார். மூட்டு வீங்கின நாளில் வேண்டாம், மற்ற நாளில் ஓடட்டும், மெல்ல மெல்லக் கூட்டுங்கள் என்றார். கொலின்ஸ் சைக்கிளை எண்ணெய் விட்டு எடுத்தான். பாசையூரைத் தாண்டிக் கொழும்புத்துறைக்குப் போகிற கரை வீதியில், முதல் கிழமை ஆறு லைட் போஸ்ட் தூரம் ஓடினாள். அடுத்த கிழமை எட்டு. நொண்டி நொண்டி ஓடினாள். முகம் மட்டும் நொண்டவில்லை. கரையில் வலை பொத்துகிறவர்கள் முதலில் பாவம் என்று பார்த்தார்கள், பிறகு ஓடி முடித்த நேரம் கேட்கத் தொடங்கினார்கள். ஆவணி மாதம் அவள் கொழும்புத்துறை இறங்குதுறையைத் தொட்டுத் திரும்பினாள். சைக்கிளில் பின்னால் வந்த கொலின்ஸ் ஒளிக்காமல் அழுதான்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், கடல் வெள்ளித் தட்டுப் போல் மினுங்கிக்கொண்டிருந்த நேரம், இறங்குதுறையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பிள்ளை சொன்னாள்:

"அப்பா, நான் ஓடேக்கை கண்ணுக்குள்ளை ஒராள் நிக்கிறா."

கொலின்ஸுக்குத் தண்ணீர்ப் போத்தல் கையை விட்டு விழுந்தது.

ஏன் விழுந்தது என்று தெரிய வேண்டுமானால், அவனுடைய அக்காவைப் பற்றித் தெரிய வேண்டும். யசிந்தா. பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அவளை ஓட்டத்தில் பிடிக்க ஆளில்லை. தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, ஏழு வயதுக் கொலின்ஸைத் தன் முதுகில் சுமந்துகொண்டு போனவள் அவள்தான். மழை. சனம் நகரவில்லை. தாய்க்குப் பொறுமை கெட்டது. தம்பியை இறக்கிவிடு, நீ ஓடக்கூடியவள், முன்னுக்கு ஓடிப்போய்க் கைதடிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு மூலை பிடித்து வை என்றாள். அக்கா அவனை இறக்கிவிட்டு ஓடினாள். கைதடியிலும் அவள் இல்லை, சாவகச்சேரியிலும் இல்லை, பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லை.

யாராவது கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான்: இடம் பிடிக்கப் போனவள். கார்த்திகை மாதத்தில் மரித்த ஆத்துமாக்களுக்காகக் கோயிலில் வாசிக்கும் பெயர்ப் பட்டியலுக்கு எல்லா வீட்டாரும் பெயர் எழுதிக் கொடுப்பார்கள், அவர்கள் கொடுத்ததில்லை. கொடுத்தால் செத்தவளாகிவிடுவாள் அல்லவா. கொலின்ஸின் தகப்பன் சாகும்வரை அவளைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரு வசனம்: பிள்ளை கண்ணுக்குள்ளையே நிக்கிறாள். தாயும் அதையே சொன்னாள். கொலின்ஸும் சொல்வான். மறக்க முடியாத ஆளைப் பற்றி நாங்கள் எல்லாரும் சொல்கிற சொல்தான். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு சொந்தக்காரிதான் இருந்தாள்.

இப்போது மகளும் அதைச் சொல்லிவிட்டாள்.

என்ன மாதிரி ஆள் என்று கேட்டான். நிழல் மாதிரி என்றாள். பொம்பிளைப் பிள்ளையோ என்று கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்து, ஓம் என்றாள். பின்னல் இருக்கிறதோ என்று கேட்டான். கொஞ்சம் யோசித்து அதற்கும் ஓம் என்றாள். எந்தப் பக்கம் வருகிறாள்? வலப்பக்கம். கொழும்புத்துறைக்குப் போகும்போது வலப்பக்கம் கடல். திரும்பி வரும்போதும் வலப்பக்கம்தான் என்றாள் பிள்ளை. அப்போது வலப்பக்கம் வீடுகளும் வாகனங்களும். போகும்போது கடலில் விழாமல் காவல், வரும்போது வாகனம் முட்டாமல் காவல் என்று கொலின்ஸ் தனக்குள் கணக்குப் பார்த்தான். ஆசை வந்துவிட்டால் கணக்கு எப்படிப் பார்த்தாலும் சரிவரும்.

அதற்குப் பிறகு பின்னேர ஓட்டம் வேறு ஒன்றாகிப் போனது. மகளின் வலப்பக்கத்தில் ஓராள் ஓட இடம்விட்டுச் சைக்கிளை உழக்கினான். எதிரே வந்த ஒரு ஓட்டோ அந்த வெற்று இடத்துக்குள் புகுந்தபோது, அவனையறியாமல் கத்தினான். ஐஸ் கொம்பனி வாசலில் படுத்துக் கிடக்கும் மண்ணிற நாய் நிரோஜினியைப் பார்த்து ஒருநாளும் குரைத்ததில்லை. இப்போது எழும்பி நின்று, அவளை அல்ல, அவளுக்கு ஒரு முழம் வலப்பக்கத்தைப் பார்த்துக் குரைத்தது. மூன்று நாள் குரைத்தது. நாலாம் நாள் வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நாயை அவன் பிறகும் எவ்வளவோ யோசித்துப் பார்த்தான். அதற்கு யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

பிள்ளை வேகம் பிடித்தாள். நிழலோடு போட்டிக்கு ஓடினாள். எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. புரட்டாதி முடிவில் ஒருநாள், கேட்காமலே சொன்னாள்:

"அவ முதுகிலை என்னவோ சுமந்துகொண்டு ஓடுறா அப்பா."

தன்னை அக்கா சுமந்த கதையைக் கொலின்ஸ் மகளுக்குச் சொன்னதில்லை, ஜெசிதாவுக்கும் சொன்னதில்லை. தான் பாரமாக இருந்ததை ஊருக்கு அறிவிக்க யாருக்குத்தான் விருப்பம்? அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் பசி தெரியவில்லை.

இதற்கிடையில் சில சின்ன விஷயங்கள் நடந்தன. பிள்ளை தேத்தண்ணீர்க் கோப்பையை மேசைக்கு வெளியே வைத்து உடைத்தாள். வாசிக்கும்போது தலையைச் சரித்தாள். வாசல் படலையில் வலது தோளை இரண்டு தரம் இடித்தாள். ஜெசிதா கவனித்தாள். முப்பதாம் திகதி கண் கிளினிக் இருக்கிறது, அன்றைக்குத் தனக்கு லீவு தரமாட்டார்கள், நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், டொக்டரிடம் இதெல்லாம் சொல்லுங்கோ என்று இரண்டு முறை சொன்னாள். ஓம் என்றான். ஐப்பசி முப்பது. அக்கா ஓடிய நாள். கலண்டரில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தபோது அவனுக்கு அது ஆஸ்பத்திரிக்காகப் போட்ட வட்டமாகத் தெரியவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு மகளை மோட்டார்சைக்கிளில் ஏற்றினான். ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. அரியாலையைத் தாண்டிக் கண்டி வீதியால் விட்டான். கிளினிக் இல்லையோ என்று பிள்ளை ஒருக்கால் கேட்டாள். பிறகு போவோம் என்றான்.

செம்மணி தாண்டினால் இரண்டு பக்கமும் வெட்டவெளி. முதல்நாள் பெய்த மழை வெளி முழுக்கத் தேங்கி நின்றது. வானமும் வெள்ளை, தண்ணீரும் வெள்ளை, எது எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு பகல். நாவற்குழிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கிப் போகிற மண் அணையில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினான். வீதிச் சத்தம் அங்கே கேட்கவில்லை. ஒரு கொக்குக்கூட இல்லை.

"நிக்கிறாவோ?" என்று கேட்டான்.

"ஓம். இண்டைக்கு நல்லாத் தெரியுது. பெரிசா."

"அவ எங்கை போறாவோ, அங்கை போ பிள்ளை. அப்பா பின்னாலை வாறன்."

பிள்ளை சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஓடினாள். கொஞ்சத் தூரம் அணை வழியே நேராக ஓடினாள். பிறகு வலப்பக்கம் சாய்ந்து, அணையை விட்டு இறங்கி, கணுக்கால் தண்ணீருக்குள் ஓடினாள். கொலின்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். பாலத்தின் பக்கம் போவாள், அக்கா கடைசியாகப் போன இடத்தைக் காட்டுவாள் என்று காத்திருந்தான். பிள்ளை பாலத்துக்குப் போகவில்லை. தொடர்ந்து வலப்பக்கம் திரும்பிக்கொண்டே ஓடினாள். பெரிய வட்டமாகச் சுற்றி, தான் கலக்கிய தண்ணீருக்கே திரும்பி வந்தாள். மறுபடியும் சுற்றினாள். தலை வலத் தோளோடு சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, கண் வெட்டவில்லை. தன் வாலைத் துரத்தும் நாய்க்குட்டியைப் போல, ஒரு சத்தமும் இல்லாமல், அந்த வெள்ளைக்குள் அவள் சுற்றிச் சுற்றி ஓடினாள். முழங்கால் நோவு முகத்தில் தெரிந்தது. அப்போதும் அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அக்கா போய்விடுவாள் என்று நினைத்தான். இதை அவன் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னான்.

நாலாவது சுற்றில், எப்போதோ வேலிக்கு நட்டு மிஞ்சியிருந்த ஒரு பனங்குற்றியில் மோதி விழுந்தாள். குற்றி அவளுடைய இடுப்பளவு உயரம். பட்டப்பகலில், வெட்டவெளியில், வலப்பக்கத்தில் தனியாக நின்ற குற்றி.

கொலின்ஸ் ஓடிப்போனான். பிள்ளை தண்ணீருக்குள் இருந்து அழுதாள்.

"பிடிக்கேலாது அப்பா. நான் எங்கை பாக்கிறனோ அங்கை அவவும் போறா."

பிறகு சேற்றுக் கையால் வலது கண்ணைப் பொத்தினாள்.

"இப்பிடிப் பொத்தினா இல்லை." கையை எடுத்தாள். "இப்ப நிக்கிறா. நான் முதல் நாளே சொன்னனான்தானே, கண்ணுக்குள்ளை எண்டு."

கொலின்ஸ் அவளுக்கு முன்னால் தண்ணீருக்குள் முழங்காலில் இருந்தான். மகளின் இடது கண்ணைத் தன் கையால் மூடி, மற்றக் கையின் மூன்று விரல்களை அவளுக்கு முன்னால் நீட்டினான். எத்தனை என்று கேட்டான். பிள்ளை முகத்தை அங்கேயும் இங்கேயும் திருப்பினாள். அவள் விரல்களை எண்ணவில்லை. கை எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

கிளினிக் மூடுகிற நேரத்தில், சேறும் தண்ணீருமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். கண் டொக்டர் கருவிக்குள்ளால் நெடுநேரம் பார்த்தார். வலது கண்ணுக்குள் அழற்சி முற்றியிருக்கிறது என்றார். கண்ணுக்குள் மிதக்கிற தூசிகள் கூடித் திரண்டுதான் நிழல் விழுந்திருக்கிறது, வானத்தையும் தண்ணீரையும் பார்க்கும்போது கூடுதலாகத் தெரியும், பார்வை திரும்புகிற பக்கமெல்லாம் கூடவே ஓடும் என்றார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். கொலின்ஸ் பொய் சொல்லவில்லை. டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். ஆவணியிலேயே கொண்டுவந்திருந்தால் நாளுக்கு நாலு துளி மருந்தோடு போயிருக்கும், இப்போது மணிக்கொருதரம் விட வேண்டும், மூன்று கிழமைக்குள் தெளியாவிட்டால் அந்தக் கண்ணைப் பற்றி நான் ஒரு வாக்கும் தரமாட்டேன் என்றார்.

ஜெசிதா ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கலண்டரைச் சுவரில் இருந்து கழற்றித் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான்.

விடியவும் இரவும் தாய் துளிமருந்து விட்டாள். பகல் முழுக்கக் கொலின்ஸ். கடலுக்குப் போகவில்லை. பால் போல வெள்ளை மருந்து. குப்பியை நன்றாகக் குலுக்கி ஒரு துளி விட்டு, கண்ணின் மூக்குப்பக்க ஓரத்தைப் பிள்ளை விரலால் அமத்திக்கொண்டு கிடக்க வேண்டும். முதல் கிழமையில் மருந்து பிடித்தது. அந்த நிழல் தகப்பனின் அக்கா என்று பிள்ளை எப்போதோ விளங்கிக்கொண்டுவிட்டாள். மாமி மெலிந்துபோனா என்றாள் நிரோஜினி. இரண்டு நாள் கழித்து, மாமிக்கு இப்போது கால் தெரியவில்லை என்றாள். வேண்டாம், அப்படிச் சொல்லாதே என்று கொலின்ஸால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் தன் கையாலேயே தன் அக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தான். மருந்து விட்டதும் முற்றத்துப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வருவான். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தான்.

இரண்டாம் கிழமை மருந்து நின்றுபோன மாதிரி இருந்தது. அப்படியே நிற்கிறா, அசையவில்லை என்றாள் பிள்ளை. டொக்டர் சோதித்துவிட்டு, ஒழுங்காகத்தான் விடுகிறீர்களா என்று கேட்டார். கொலின்ஸுக்கு ரோசம் வந்தது. மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து விடுகிறவன் அல்லவா அவன். இன்னும் ஒரு கிழமைதான் பார்ப்பேன் என்றார் டொக்டர்.

மறுநாள் மத்தியானம் வெயிலில் போட என்று மகளின் தலையணையை எடுத்தான். உறையின் வலப்பக்கம் விறைத்துப் போயிருந்தது. வெள்ளை வெள்ளையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, காய்ந்த துளிகள். அவன் முகம் கழுவப் போகிற ஒவ்வொரு தரமும் பிள்ளை குப்புறத் திரும்பிக் கண்ணை இறுக்கிப் பிழிந்திருக்கிறாள்.

தலையணையோடு அவளுக்கு முன்னால் போய் இருந்தான். அவள் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். ஏன் என்று கேட்டான்.

"மாமி போனா நீங்கள் அழுவியள்," என்றாள். "எனக்கு மற்றக் கண் இருக்குத்தானே."

கொலின்ஸ் தலையணையைக் கீழே வைத்தான். அவனுடைய தகப்பனும் தாயும் சாகும்வரை வாயால் சொல்லாத ஒன்றை, அவனும் இருபத்தொன்பது வருடமாகச் சொல்லாத ஒன்றை, அப்போது சொன்னான்.

"மாமி செத்துப்போனா, பிள்ளை," என்றான்.

"எப்ப?"

"அப்பவே. அந்த மழைக்குள்ளையே. நாங்கள்தான் போகவிடேல்லை."

அந்த நேரம் வெளியே ஒழுங்கையில் காலடிச் சத்தம் கேட்டது. வெறுங்காலோடு யாரோ ஓடுகிற சத்தம். மத்தியான வெயிலில் அந்த ஒழுங்கையில் காகமும் பறக்காது. சத்தம் படலையடியில் ஒரு நொடி நின்றது. பிறகு கிழக்குப் பக்கமாக ஓடித் தேய்ந்து போனது. தகப்பனும் மகளும் ஆளை ஆள் பார்த்தார்கள். யார் என்று பார்க்க இரண்டு பேரும் எழும்பவில்லை.

கொலின்ஸ் குப்பியைக் குலுக்கினான். பிள்ளை தானாகவே மல்லாந்து படுத்து, வலது கண்ணை நன்றாக அகட்டினாள். துளி விழுந்தது. அவள் ஓரத்தை விரலால் அமத்திக்கொண்டாள். அவன் இம்முறை முகம் கழுவப் போகவில்லை. அவளுக்குப் பக்கத்திலேயே இருந்து அழுதான், அவளும் அவன் அழுகிறதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, அடுத்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.